காஸ்டனின் 11 நோயாளிகள்: தாடை மூட்டும் காதும்

கொட்டாவி விடும்போது காது ஏன் மந்தமாகிறது? அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கிவரும் 'வினாக்கள்' என்னும் பழந்தொகுப்பில், ஒலியைப் பற்றிய பகுதியில், இக்கேள்வி இடம்பெற்றிருக்கிறது. கொட்டாவியின்போது மூச்சின் ஒரு பகுதி உள்வழியாகக் காதுக்குள்ளும் சென்று வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுக்கிறது என்னும் போக்கில் அங்கே ஒரு விடையும் தரப்படுகிறது. அந்நூலை அரிஸ்டாட்டிலே எழுதினாரா என்பதில் அறிஞர்களுக்கு ஐயமுண்டு. யார் எழுதியிருந்தாலும், வாய் அசையும்போது காதில் ஏதோ நிகழ்கிறது என்பதைக் கவனித்த ஒருவர் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார். தொண்டைக்கும் நடுச்செவிக்கும் இடையே ஓடும் குழலை 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்றறிஞர் பர்த்தலோமியோ யூஸ்டாக்கி விரிவாக விவரித்தார். அவர் பெயராலேயே அது இன்றும் யூஸ்டேஷியன் குழல் எனப்படுகிறது. வாய்க்கும் காதுக்கும் உள்ள உறவுக்கு விளக்கம் கிடைத்துவிட்டதுபோல் தோன்றியது. ஆனால் தாடைக்கும் காதுக்கும் உள்ள உறவு வேறொரு கதை. அது பல தவறான திருப்பங்களைக் கடந்து வந்த கதை.

தமிழில் ஒருவனைக் கன்னத்தோடு சேர்த்து அறைவதைச் 'செவிட்டில் அறைதல்' என்கிறோம். கன்னம் எங்கே முடிகிறது, செவி எங்கே தொடங்குகிறது என்று அவ்வழக்கு கணக்குப் பார்ப்பதில்லை. உடலும் பெரிதாகக் கணக்குப் பார்க்கவில்லை என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரு சுண்டுவிரல்களையும் காதுத் துளைகளில் வைத்து, விரல்நுனியை முன்புறமாக மெல்ல அழுத்திக்கொண்டு, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் ஒன்று உருண்டு நகர்வதை உணர்வீர்கள். அதுதான் கீழ்த்தாடையின் குமிழ்முனை. காதுக்குழாய்க்கும் அதற்கும் நடுவே மெல்லிய எலும்புச் சுவரும் கொஞ்சம் மென்திசுவும் மட்டுமே உள்ளன. நெற்றிப்பொட்டின் பக்கமாக அமைந்த பொட்டெலும்பின் அடிக்குழியில் இக்குமிழ் பொருந்துகிறது. இரண்டுக்கும் நடுவே நார்த்திசுவாலான ஒரு வட்டு. வாயைத் திறக்கையில் குமிழ் முதலில் சுழல்கிறது, பிறகு வட்டையும் இழுத்துக்கொண்டு முன்னோக்கி வழுக்குகிறது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே எலும்பின் இரு முனைகள் ஆதலால் ஒன்றைவிட்டு மற்றொன்று தனியே இயங்கவும் முடியாது.

இம்மூட்டிலோ அதை இயக்கும் தசைகளிலோ கோளாறு நேர்ந்தவர்களுள் பலர் காதைப் பற்றியே முறையிடுகின்றனர். காது அடைத்துக்கொண்டதுபோல் இருக்கிறது, உள்ளே வலிக்கிறது, ஓயாமல் இரைகிறது, சில வேளைகளில் தலை சுற்றுகிறது என்கின்றனர். காது மருத்துவர் பார்க்கிறார்: செவிப்பறை தெளிவாக இருக்கிறது, கேட்டல் சோதனையிலும் குறையில்லை. 'உங்கள் காதில் ஒன்றுமில்லை' என்று அனுப்பிவைக்கிறார். அங்கிருந்து பல் மருத்துவர், அவரிடமிருந்து நரம்பியல் மருத்துவர், கடைசியில் மனநல மருத்துவர் என்று நீளும் பயணத்தை நம்மில் சிலரேனும் நெருங்கிய உறவினர் ஒருவரிடம் கண்டிருப்போம். சிகிச்சை நாடி வருபவர்களில் பெண்களே அதிகம் என்பதும், 'எல்லாம் மனப்பிரமை' என்னும் முத்திரை எளிதாகக் குத்தப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதும் இவ்வரலாற்றை வாசிக்கையில் நமக்குப் புலப்படுகின்றன. (இது மருத்துவ ஆலோசனை அன்று. காதில் கோளாறு தென்படாத நிலையில் நீடிக்கும் காதுவலிக்குத் தொண்டைப் புற்று உள்ளிட்ட வேறு காரணங்களும் இருக்கலாம். முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.)

பண்டைய மருத்துவம் தாடை மூட்டை அறியாமல் இல்லை. ஏறத்தாழ கி.மு. 1600ஐச் சேர்ந்த எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுவடியில், கழன்ற தாடையைப் பெருவிரல்களை வாய்க்குள் வைத்து மீண்டும் பொருத்தும் முறை உள்ளது. ஹிப்பாக்ரடிஸ் மரபின் 'மூட்டுகள்' நூலும் அதைப் பேசுகிறது. ஆனால் இவையெல்லாம் கண்ணால் காணத்தக்க இடப்பெயர்ச்சிகள். வாயைத் திறக்கையில் 'டக்' என்று ஒலிக்கும் மூட்டு, காரணம் தெரியாத வலி என்பவை மிகப் பிந்தித்தான் மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தன. 1887இல் எடின்பரோவின் அறுவை மருத்துவர் தாமஸ் அன்னண்டேல், இடம்பெயர்ந்த வட்டை இழுத்துத் தைத்துச் சரிசெய்த இரு நோயாளிகளைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார்.

காதுக்கு வருவோம். 1920இல் ரைட் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் தாடையின் தவறான இருப்பு காது கேளாமைக்குக் காரணமாகலாம் என்று எழுதினார். 1933இல் குட்ஃபிரெண்ட் என்பவர் தாடை மூட்டுக் கோளாறுகளின் அறிகுறிகளை ஒரு பல் மருத்துவ இதழில் விரிவாகத் தொகுத்தார்; காது அறிகுறிகளும் அவற்றுள் அடங்கும். அடுத்த ஆண்டில், 1934இல், செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரே காஸ்டன் என்னும் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் தம் துறை இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாடை மூட்டின் இயக்கம் பிறழ்வதால் உண்டாகும் காது, சைனஸ் அறிகுறிகளின் தொகுதி என்பது அதன் பொருள். அடிப்படைச் சான்று 11 நோயாளிகள். நோய்க்குக் காஸ்டனின் பெயர் நிலைத்துவிட்டது. குட்ஃபிரெண்டை இன்று அத்துறை வரலாற்றாசிரியர்களே நினைவுகூர்கின்றனர்.

இதில் தற்செயல் குறைவு. 1840இல் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி பால்டிமோரில் தொடங்கப்பட்டதிலிருந்து அமெரிக்காவில் பல் மருத்துவம் தனிக் கல்லூரி, தனிப் பட்டம், தனி இதழ்கள் என்று பொது மருத்துவத்தினின்றும் பிரிந்து வளர்ந்தது. பின்னாளில் மருத்துவக் காப்பீடும் அப்பிரிவினை வழியே போயிற்று. பல் மருத்துவர்கள் தங்கள் இதழில் எழுதியதைக் காது மருத்துவர்கள் படிக்கவில்லை. காஸ்டன் செய்தது அவ்வேலியைத் தாண்டி நின்று பேசியதுதான். காதுக்காக வரும் நோயாளியின் வாயையும் திறந்து பாருங்கள் என்று ஒரு காது மருத்துவர் காது மருத்துவர்களிடம் சொன்னார். அந்த ஒரு காரணத்துக்காகவே, பிற்காலத்தார் அவரைப் பற்றிக் கூறியவற்றுள் பாதியை நாம் மன்னித்துவிடலாம் என்று தோன்றுகிறது.

அவர் தந்த விளக்கம் இதுதான்: கடைவாய்ப்பற்களை இழந்தவரின் வாய் மூடும்போது கீழ்த்தாடை இருக்கவேண்டிய அளவுக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. அதனால் குமிழ்முனை பின்னோக்கித் தள்ளப்பட்டு யூஸ்டேஷியன் குழலை நெருக்குகிறது. காது அடைக்கிறது, கேட்டல் மந்தமாகிறது. காதின் முன்புறமாக மேலேறும் நரம்பு நசுங்குவதால் தலைவலி. நாவுக்குச் சுவை கொண்டுசெல்லும் மெல்லிய நரம்பு உறுத்தப்படுவதால் நாக்கெரிச்சல். சிகிச்சையும் இதிலிருந்தே பிறக்கிறது. பல்செட்டு வைத்தோ பற்களின் உயரத்தைக் கூட்டியோ கடியை உயர்த்தினால் குமிழ் தன் இடத்துக்குத் திரும்பும், காது திறக்கும்.

எவ்வளவு தெளிவான, கையில் எடுத்துப் பார்க்கத்தக்க விளக்கம்! ஒரு கதவின் கீல் தேய்ந்து கதவு சட்டத்தில் இடிப்பதுபோல. கீலைச் சரிசெய்தால் போதும். அக்காலத்தின் சூழலும் இதற்கு ஒத்துழைத்தது. பற்களின் வேரில் ஒளிந்திருக்கும் கிருமிகளே மூட்டுவாதம் முதல் மனநோய்வரை அனைத்துக்கும் மூலம் என்னும் கொள்கை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் செல்வாக்குப் பெற்றிருந்தது. அதை நம்பி நல்ல பற்களும் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கப்பட்டன. ஒரு தவறான கொள்கை பல்லிழந்த வாய்களைப் பெருக்கிற்று. அடுத்த கொள்கை, பல்லிழந்த வாயே காதுநோய்க்குக் காரணம் என்றது. மருத்துவ வரலாற்றில் இத்தகைய கைமாற்றங்கள் அரியவை அல்ல.

1930களிலும் 40களிலும் கடியை உயர்த்துவது ஒரு அலையாகப் பரவிற்று. சிலருக்குக் குணமும் தெரிந்தது, அதுதான் சிக்கல். குணம் தெரிந்தவுடன் விளக்கமும் மெய்ப்பட்டதாகக் கருதப்பட்டது.

அதை உடைத்தவர் ஹாரி ஸிக்கர். வியன்னாவின் புகழ்பெற்ற உடற்கூற்றியல் மரபில் வளர்ந்தவர். அந்நகரம் நாஜிகள் கைக்குப் போனபின் அமெரிக்கா வந்து சிகாகோவில் பேராசிரியரானவர். 1948இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் அவர் எழுதிய கட்டுரை, காஸ்டன் கூறிய ஒவ்வோர் அழுத்தத்தையும் பிணக்கூற்றுச் சான்றோடு சோதித்தது. காதின் முன்னேறும் நரம்பு, குமிழ் பின்னே சென்றாலும் அதனடியில் சிக்கும் இடத்தில் இல்லை. சுவை நரம்பு எலும்புப் பிளவுக்குள் பாதுகாப்பாகச் செல்கிறது. யூஸ்டேஷியன் குழலோ இன்னும் உள்ளே, எலும்பு முள் ஒன்றின் மறைவில் இருக்கிறது. சுருங்கச் சொன்னால், கீல் அந்தச் சட்டத்தில் இடிக்கவே முடியாது. காஸ்டனின் விளக்கம் வீழ்ந்தது. ஆனால் விளக்கத்தோடு அறிகுறிகளும் வீழ்ந்துவிட்டதாகப் பலர் எடுத்துக்கொண்டனர். நெருக்கப்படும் நரம்பு இல்லையென்றால் நோயாளி சொல்லும் இரைச்சலும் இல்லை என்பதுபோல. 11 பேர் உணர்ந்ததை ஸிக்கர் மறுக்கவில்லை; அது அவர் வேலையும் அன்று.

1950களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாஸ்லோ ஷ்வார்ட்ஸ் பார்வையை மூட்டிலிருந்து தசைகளுக்குத் திருப்பினார். 1969இல் சிகாகோவின் டேனியல் லாஸ்கின், மன அழுத்தத்தால் பல்லை இறுகக் கடிப்பதும் நறநறப்பதும் மெல்லும் தசைகளைச் சோர்வடையச் செய்கின்றன, வலியின் தொடக்கம் அங்கேதான் என்றார். இக்கருத்து பல மிகைச் சிகிச்சைகளைத் தடுத்தது. ஆயினும் மருத்துவர் சொன்ன 'தசையின் சோர்வு' என்பது நோயாளியின் காதில் 'உன் மனக்கோளாறு' என்று விழுந்த இடங்களும் குறைவல்ல.

லாஸ்கினும் சார்ல்ஸ் கிரீனும் இன்னொரு சகாவும் 1976இல் வெளியிட்ட ஆய்வொன்றை இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாததே தாடைவலிக்குக் காரணம் என்று நம்பி, ஆரோக்கியமான பற்களின் பரப்பை அரைத்துச் சமன்செய்யும் வழக்கம் அக்காலத்தில் பரவலாயிருந்தது. அரைத்த எனாமல் மீண்டும் வளராது என்பதை நினைவில் கொள்க. ஆய்வாளர்கள் 25 நோயாளிகளுக்குப் பற்களை அரைப்பதுபோல் பாவனை மட்டும் செய்தனர். பொருத்தத்தில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. 16 பேர், அதாவது 64 விழுக்காட்டினர், வலி முற்றிலுமோ ஏறத்தாழ முற்றிலுமோ நீங்கிவிட்டதாகத் தெரிவித்தனர். இந்நோய் பெரும்பாலோர்க்குத் தானே தணியக்கூடியது. கவனிப்பும் நம்பிக்கையும் அத்தணிவைத் துரிதப்படுத்துகின்றன. அப்படியானால் கடியை உயர்த்தியதால் குணமடைந்ததாகக் கருதப்பட்ட முந்தைய தலைமுறையினரில் எத்தனை பேர் உயர்த்தாமலே குணமடைந்திருப்பார்கள்? கேள்வி பின்னோக்கிச் சென்று காஸ்டனின் மேசைவரை எட்டுகிறது.

இந்த எச்சரிக்கை போதிய அளவு கேட்கப்படவில்லை. 1970களின் இறுதியில் மூட்டுக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறை வளர்ந்தது. இடம்பெயர்ந்த வட்டு படத்தில் தெரிந்தது. அன்னண்டேலின் பழைய காட்சி புதிய ஒளியில் மீண்டது. கண்ணுக்குத் தெரிகிற குறைக்குக் கத்தி எடுப்பது மருத்துவரின் இயல்பு. வட்டை எடுத்துவிட்டு அவ்விடத்தில் எதை வைப்பது என்று தேடியபோது, ஹூஸ்டனைச் சேர்ந்த வைடெக் என்னும் நிறுவனம் டெஃப்லான் கலந்த ஒரு பொருளை முன்வைத்தது. முன்பே விற்பனையில் இருந்தவற்றுக்கு இணையானது என்னும் அடிப்படையில் 1983இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைச் சந்தைப்படுத்த விட்டது. 20,000க்கும் மேற்பட்ட பதிபொருள்கள் விநியோகிக்கப்பட்டன. மெல்லும் விசையில் அப்பொருள் நொறுங்கித் துகளாயிற்று. துகள்களைத் தின்ன உடல் அனுப்பிய பேரணுக்கள் சுற்றியிருந்த எலும்பையும் தின்றன. சிலருக்கு மண்டையோட்டின் அடித்தளமே துளைபட்டது. 1990இல் நிறுவனம் திவாலாயிற்று. அவ்வாண்டின் டிசம்பரில் நிர்வாகம் பாதுகாப்பு எச்சரிக்கை விடுத்தது. அடுத்துத் திரும்பப் பெறும் நடவடிக்கை. 1992இல் நாடாளுமன்றக் குழுவின் விசாரணை.

நம்மை உறுத்துவது, இது முன்பே தெரிந்த செய்தி என்பதுதான். பிரிட்டனின் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையின் தந்தை எனப் போற்றப்படுபவர். 1950களின் இறுதியில் அவர் இடுப்பு மூட்டில் டெஃப்லானைத்தான் வைத்தார். சில ஆண்டுகளில் அது தேய்ந்து, துகள்கள் சுற்றுத்திசுவை அழிக்க, நூற்றுக்கணக்கான அறுவைகளைத் திருப்பிச் செய்யவேண்டி வந்தது. அப்பொருளைத் தம் தொடையிலேயே பதித்து உடலின் எதிர்வினையைச் சோதித்து 1963இல் 'லான்செட்'டில் எழுதியும் வைத்தார். இடுப்பெலும்பு மருத்துவர்கள் பாடம் கற்றனர். 20 ஆண்டுகள் கழித்து, இடுப்புக்கு மேலே ஓரிரு முழம் தள்ளி, அதே பாடம் மனித முகங்களில் மறுபடியும் எழுதப்பட்டது. துறைகளுக்கிடையே நிற்கும் வேலி காஸ்டன் காலத்தில் காது மருத்துவர்களின் கண்ணை மறைத்தது என்றோம். இங்கே அது அதனினும் பெரிய விலை கேட்டது.

இத்தனைக்கும் தாடைக்கும் செவிக்கும் உள்ள மெய்யான உறவு அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டறியப்பட்டுவிட்டது. மருத்துவர்கள் தேடாத இடத்தில், கருவியலில். 1837இல் கார்ல் ரைஹர்ட் என்னும் ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் பன்றிக் கருக்களை ஆராய்ந்தார். நடுச்செவியில் ஒலியைக் கடத்தும் மூன்று சிற்றெலும்புகள் உண்டு: சுத்தி, பட்டடை, அங்கவடி. பாலூட்டியின் கருவில் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் தாடையை உருவாக்கும் அதே குருத்தெலும்புத் தண்டின் பின்முனையில் தோன்றுவதை அவர் கண்டார். ஊர்வனவற்றில் கீழ்த்தாடைக்கும் மண்டைக்கும் மூட்டாக அமையும் இரு எலும்புகள் எவையோ, அவையே பாலூட்டியில் இவ்விரு செவியெலும்புகள் என்பது அவர் கண்ட முடிவு. 1913இல் எர்ன்ஸ்ட் காவுப் அதை விரிவாக நிறுவினார்.

அதாவது நாம் கேட்பது பழைய தாடை மூட்டின் வழியாக. பல்லியும் முதலையும் எந்த மூட்டால் கடிக்கின்றனவோ, அந்த மூட்டு நம் செவிக்குள் அரிசிமணி அளவுக்குச் சுருங்கி ஒலியை ஏந்துகிறது. நாம் மெல்லப் பயன்படுத்துவதோ பிற்காலத்தில் அதன் முன்னே புதிதாகத் தோன்றிய மூட்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகையில் விலங்கு பட்டினி கிடக்க முடியாதே, நடுவில் என்ன நடந்தது என்று ஐயுற்றவர்களுக்குப் புதைபடிவங்கள் விடை தந்தன. தென்னாப்பிரிக்காவில் கிடைத்து 1958இல் பெயரிடப்பட்ட டயார்த்ரோக்னாதஸ் என்னும் உயிரிக்கு இரு மூட்டுகளும் அருகருகே இருந்தன. பெயரின் பொருளே இருமூட்டுத் தாடை என்பதுதான். வேல்ஸ் நாட்டில் கிடைத்த மார்கனுகோடானும் அப்படியே. இன்றும் அமெரிக்க ஒப்போசம் போன்ற பைம்மாக்களின் குட்டி பிறக்கும்போது அதன் செவியெலும்புகள் தாடையோடு ஒட்டியிருக்கின்றன. முதல் சில வாரங்கள் அது பழைய மூட்டைக் கொண்டுதான் பால் குடிக்கிறது. ஒரு நூறு மில்லியன் ஆண்டு வரலாறு தாயின் மடியில் சில வாரங்களில் நடந்து முடிகிறது.

இக்கருவியல் உறவு நம் கதைக்குள் நுழைந்தது 1962இல். பின்ட்டோ என்னும் ஆய்வாளர் தாடை மூட்டின் வட்டையும் சுத்தி எலும்பையும் இணைக்கும் நுண்ணிய நாரொன்றை விவரித்தார். இரண்டும் ஒரே தண்டில் பிறந்தவை; பிரிந்தபின்னும் ஒரு நூல் மிஞ்சியிருக்கிறது! கதவுக்கீல் விளக்கத்தை இழந்து நின்றவர்களுக்கு இந்நூல் ஆறுதலாயிற்று: வட்டு இழுபட்டால் சுத்தி இழுபடும், சுத்தி இழுபட்டால் காது இரையும். ஆனால் 1989இல் வெளியான ஓர் ஆய்வில் பிணக்கூறுகளில் இந்நாரை இழுத்துப் பார்த்தபோது சுத்தி அசையவில்லை. சில மாதிரிகளில் அசைத்தது அதன் அருகே உள்ள வேறொரு தசைநார். எலும்புப் பிளவு வழியே செல்லும் நார் பெரும்பாலும் அங்கேயே ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. அழகான விளக்கம் என்பதனால் மட்டும் ஒரு விளக்கம் உண்மையாகிவிடாது என்பதைக் காஸ்டனின் கதையில் ஒருமுறை பார்த்துவிட்டோம். எலும்பு உறவு மெய். அதுவே நோய்க்குக் காரணம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை.

அவ்வுறவு விட்டுச்சென்ற வேறொரு சொத்து உண்டு, அது நரம்பு. கருவின் முதல் வளைவிலிருந்து பிறந்த அனைத்துக்கும் முக்கிளை நரம்பே எசமான். மெல்லும் தசைகளுக்கும் அதுதான். சுத்தி எலும்பைப் பிடித்து இழுத்துச் செவிப்பறையை இறுக்கும் சிறுதசைக்கும் அதுதான். யூஸ்டேஷியன் குழலைத் திறக்கும் அண்ணத் தசைக்கும் அதுதான். தாடை மூட்டின் வலியையும் காதின் முன்பகுதியின் உணர்ச்சியையும் ஏந்திச் செல்வது அதன் ஒரே கிளை. வலி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று மூளை குழம்பினால் வியப்பதற்கில்லை. இரு வீட்டுக் கடிதங்களும் ஒரே தபால்காரர் கையில்தான் வருகின்றன.

இரைச்சலுக்கும் இவ்வழியில்தான் இன்றைய விளக்கம் வளர்ந்துவருகிறது. காதிரைச்சல் உள்ளவர்களில் பலர், பல்லை இறுகக் கடித்தோ தாடையை முன்தள்ளியோ அவ்விரைச்சலின் உரப்பையோ சுருதியையோ மாற்ற முடிகிறது என்கின்றனர். 1999இல் ராபர்ட் லெவின் என்னும் மருத்துவர் இதற்கு ஒரு கருதுகோள் தந்தார். செவிநரம்பு மூளைத்தண்டில் முதலில் சென்று சேரும் நரம்பணுத் திரளுக்கு முகம், கழுத்து ஆகியவற்றின் தொடுவுணர்ச்சிச் செய்திகளும் வருகின்றன. அச்செய்திகள் பிறழ்ந்தால் அங்கே ஒலியில்லாமலே ஒலி பிறக்கலாம் என்பது அதன் சாரம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சூசன் ஷோர் கினிப்பன்றிகளில் முக்கிளை நரம்பிலிருந்து அத்திரளுக்குச் செல்லும் இணைப்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பின்னர், காதுக்கு ஒலியும் கன்னம் அல்லது கழுத்துக்கு மென்மையான மின்தூண்டலும் நேரக்கணக்கோடு இணைத்துத் தரும் முறையை அவர் குழு மனிதரில் சோதித்தது. 2018இல் 20 பேரிடமும், 2023இல் வெளியான முடிவுகளின்படி 99 பேரிடமும் நடந்த ஆய்வுகளில் இரைச்சல் குறைந்ததாகத் தெரியவந்தது. இருவகைச் சோதனையிலும் பங்கேற்றவர்கள், தாடையையோ கழுத்தையோ அசைத்து இரைச்சலை மாற்றக்கூடியவர்கள் மட்டுமே. எல்லாக் காதிரைச்சலும் தாடையால் வருவதன்று. செவிநத்தையின் மயிர்அணுக்கள் சேதமுறுவதே பலருக்கு மூலம். இதைச் சொல்லாமல் விட்டால் நாமும் ஒரு புதிய கதவுக்கீலைச் செய்தவர்களாவோம்.

சிகிச்சையும் இன்று அடக்கமாகிவிட்டது. 2020இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் இந்நோயைப் பற்றிய ஒரு பெரிய அறிக்கையை வெளியிட்டன. மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் இடையே விழுந்த பிளவில் நோயாளிகள் எப்படிச் சிக்கினர் என்பதை அது நேராகவே பேசுகிறது. நோயாளிகளின் சொந்த வாக்குமூலங்களும் அதற்கு ஆதாரமாயின. 2023இல் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட தாடைவலிக்குத் தாடைப் பயிற்சிகள், கைவழிச் சிகிச்சை, வலியைக் கையாளும் உளவியல் பயிற்சி, நோயைப் பற்றிய தெளிவான விளக்கம் ஆகியவற்றை வலுவாகப் பரிந்துரைக்கிறது. வட்டை அறுத்தெடுப்பதையும், பல்லமைப்பை மீளாதபடி மாற்றும் கருவிகளையும் அதே வலுவோடு வேண்டாம் என்கிறது.

காஸ்டன் 1962இல் காலமானார். பின்ட்டோ தம் நூலிழையைப் பற்றி எழுதிய அதே ஆண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 1990இல் 10ஆம் பதிப்பாக ஏற்கப்பட்டபோது அவர் பெயரிலான நோய்த்தொகுதிக்கும் இடம் கிடைத்தது. பட்டியலில் காதுநோய்களுக்கெனத் தனி இயல் உண்டு. காது மருத்துவர் காஸ்டனின் பெயர் அங்கே இல்லை. செரிமான மண்டல நோய்களின் இயலில், பல்லுக்கும் தாடைக்கும் ஒதுக்கிய பகுதியில், 'டக்' என்று ஒலிக்கும் தாடைக்குப் பக்கத்தில் இருந்தது.